வீட்டு ஸ்டுடியோவுக்கு மிக்சர்: ஆறு கருவி, இரண்டு பெடல், எதை வாங்குவது?

#1 அலைவடிவம் (கோவை)

வணக்கம் நண்பர்களே. இதுவரை படிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன், இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

மேசையில் இருப்பவை ஒரு டிரம் மெஷினும் ஐந்து சின்த்தும் (சின்தசைசர்): ரோலண்ட் டிஆர்-8எஸ், ரோலண்ட் ஜேயு-06ஏ, கோர்க் மினிலாக், ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக், பெரிங்கர் டிடி-3, கோர்க் வோல்கா கீஸ். கூடவே ஒரு டிலே (எதிரொலி) பெடல், ஒரு ரிவர்ப் (அறை முழக்கம்) பெடல், இரண்டும் ஸ்டீரியோ. ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸில் இரண்டே இன்புட். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகுவதிலேயே சாயங்காலம் போய்விடுகிறது. அதற்குள் மனதில் இருந்த பேஸ்லைன் மறந்தும் போகிறது.

செய்வது டெக்னோவும் டப் டெக்னோவும் (எதிரொலியில் மூழ்கிய டெக்னோ). பட்ஜெட் 40 ஆயிரம், பழையது என்றாலும் சரி. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, டாஸ்காம் மாடல் 12 ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னது இரண்டும் பட்ஜெட்டைத் தாண்டும். ஆறு கருவிதானே, பத்து சேனல் இருக்கும் யமஹாவே போதும் என்று தோன்றுகிறது. சரிதானா?

#2 நுண்ணலை (சென்னை)

மிக்சரே வேண்டாம் என்பேன். அதே காசுக்கு எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். பெரிங்கர் யுஎம்சி1820 இருக்கிறது, கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20. இரண்டிலும் ஏடாட் என்ற ஆப்டிகல் இணைப்பு உண்டு. நாளைக்கு இடம் போதாவிட்டால் பெரிங்கர் ஏடிஏ8200 மாதிரி ஒரு பெட்டியை ஒரே ஆப்டிகல் கேபிளில் இணைத்து இன்னும் எட்டு இன்புட் சேர்த்துக்கொள்ளலாம். மிக்ஸிங் எல்லாம் கணினிக்குள். ஈக்யூ (லோ, மிட், ஹை ஒலியைக் கூட்டிக் குறைப்பது) எத்தனை வேண்டுமானாலும் போடலாம், சேவ் செய்து நாளைக்கு அப்படியே திறக்கலாம். அனலாக் மிக்சரில் குமிழ்களின் நிலையைப் போட்டோ எடுத்துத்தான் வைக்க வேண்டும்.

#3 கம்பிச்சுருள் (மதுரை)

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு காகிதம் எடுங்கள்.

பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மிக்சர் கம்பெனிகள் ஸ்டீரியோ சேனலை இரண்டாக எண்ணுவார்கள். எம்ஜி10எக்ஸ்யூவில் "10" என்றால் நான்கு மோனோ, மூன்று ஸ்டீரியோ. கைக்குக் கிடைப்பது ஏழு பட்டை (குமிழ் வரிசை). ஸ்டீரியோ சேனலின் இடது ஜாக்கில் மட்டும் செருகினால் அது மோனோவாக வேலை செய்யும், ஆனால் அப்போது அந்தப் பட்டையின் பாதி வீண்.

இப்போது உங்கள் பக்கம் எண்ணிப் பாருங்கள். கருவிகளை எண்ணக் கூடாது, வயர்களை எண்ண வேண்டும். டிஆர்-8எஸ் ஒரே கருவிதான், ஆனால் மெயின் ஸ்டீரியோ அவுட் போக ஆறு தனி அவுட் உண்டு. டெக்னோ செய்பவர் கிக்கைத் தனியாக எடுக்காமல் இருக்க மாட்டீர்கள். டிலே, ரிவர்ப் இரண்டும் மிக்சருக்குத் திரும்பி வர இடம் வேண்டும். இதெல்லாம் சேர்த்தால்தான் உண்மையான கணக்கு.

அடுத்தது யூஎஸ்பி. எம்ஜி10எக்ஸ்யூவில் யூஎஸ்பி இருக்கிறது, ஆனால் கணினிக்குப் போவது மொத்த மிக்ஸ் ஒன்றுதான்: இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. ஆறு கருவியும் தனித்தனி டிராக்காக வந்துவிடும் என்று நம்பி வாங்கியவர்கள் இந்த மன்றத்திலேயே நிறையப் பேர். தனித்தனியாக வேண்டுமானால் விவரப் பட்டியலில் இன்புட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் யூஎஸ்பி சேனல் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னேச்சர் 12 எம்டிகேயில் அது 14 உள்ளே, 12 வெளியே. அந்த "எம்டிகே" இல்லாத சாதா சிக்னேச்சர் 12 வேறு சாமான், விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

#4 அலைவடிவம்

நன்றி சார். எண்ணிப் பார்த்தேன், தலை சுற்றியது.

மோனோ: கிக், ஸ்னேர், மினிலாக், மைக்ரோஃப்ரீக், டிடி-3, வோல்கா. ஆறு.
ஸ்டீரியோ: டிஆர்-8எஸ்ஸின் மீதி டிரம், ஜேயு-06ஏ, டிலே திரும்புவது, ரிவர்ப் திரும்புவது. நான்கு ஜோடி.

ஆக, கம்பெனிக் கணக்கில் 14. யமஹாவில் 10தான், ஆட்டத்திலிருந்து அவுட்.

நுண்ணலை, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பகல் முழுக்க அலுவலகத்தில் திரையைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் கணினியைத் திறக்காமல் வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. நன்றாக அமைந்த நாளில் மட்டும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்தால் போதும்.

#5 டப்_கிறுக்கன் (புதுச்சேரி)

டப் டெக்னோ என்று எழுதிவிட்டு ஆக்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! இன்புட் எண்ணிக்கை முடிந்ததும் அடுத்து எண்ண வேண்டியது ஆக்ஸ் சென்ட்தான் (சேனலின் ஒலியில் ஒரு பங்கைப் பெடலுக்கு அனுப்பும் வழி). எம்ஜி10எக்ஸ்யூவில் அது ஒன்றே ஒன்று. உங்களிடம் பெடல் இரண்டு. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

டப் இசையே மிக்சரிலிருந்து பிறந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில், டப் முன்னோடி கிங் டப்பி அடிப்படையில் எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர். 1970களில் டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டுடியோ கழித்த ஒரு எம்சிஐ மிக்சரை வாங்கி வைத்து, நான்கே டிராக்கை வைத்துக்கொண்டு அத்தனை வேலை செய்தார். அந்த மிக்சரில் இருந்த ஹை-பாஸ் ஃபில்டர் குமிழைத் திருகினால் ஒலி அடியிலிருந்து மேல் நோக்கி மெலிந்துகொண்டே போகும். அவர் பதிவுகளில் அந்தத் திருகலைக் கேட்டே அடையாளம் கண்டுகொள்ளலாம். அவருக்கு மிக்சர்தான் வாத்தியம்.

வீட்டில் செய்ய இரண்டு விஷயம் போதும்.

முதலாவது, ஆக்ஸ் போஸ்ட்-ஃபேடராக இருக்க வேண்டும், அதாவது சேனலின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் பிறகு கிளம்ப வேண்டும். அப்போதுதான் சேனலை இறக்கினால் டிலேக்குப் போகும் ஒலியும் நிற்கும், ஏற்கெனவே போனதன் எதிரொலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ப்ரீ-ஃபேடர் என்றால் ஃபேடரை இறக்கினாலும் சென்ட் போய்க்கொண்டே இருக்கும். பாடுபவருக்கு மானிட்டர் கொடுக்க அது சரி, இதற்கு உதவாது. ஆனால் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு எதிரொலியை மட்டும் கேட்பதும் ஒரு சுகம்தான், ஆகவே ப்ரீ, போஸ்ட் மாற்றும் பொத்தான் இருந்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, டிலே பெடலின் அவுட்டை "ஆக்ஸ் ரிட்டர்ன்" என்று எழுதியிருக்கும் ஓட்டையில் கொடுக்காதீர்கள். முழுச் சேனலில் கொடுங்கள். அப்போது எதிரொலிக்கும் ஈக்யூ கிடைக்கும், ஃபேடர் கிடைக்கும், முக்கியமாக ஆக்ஸ் குமிழும் கிடைக்கும். டிலே வரும் சேனலின் ஆக்ஸைக் கொஞ்சம் திறந்தால் டிலே தன்னையே மறுபடி டிலேக்கு அனுப்பும். லோ-வைக் குறைத்து மிட்-ஐ ஏற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் எதிரொலியின் நிறம் மாறும். பெடலில் இருக்கும் ஃபீட்பேக் குமிழால் இப்படிச் செய்ய முடியாது. டிலே ஆக்ஸ் குமிழில் ஒரு விரல் எப்போதும் இருக்கட்டும், கைமீறினால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் சேதம். ஹெட்போனில் பழகாதீர்கள்.

(இதையே எல்லைக்குக் கொண்டுபோனவர் ஜப்பானின் தோஷிமாரு நகமுரா. மிக்சரில் எந்தக் கருவியையும் செருகுவதில்லை. அவுட்டை இன்புட்டில் கொடுத்து, அந்த ஃபீட்பேக்கை மட்டும் வைத்து வாசிக்கிறார். என் மனைவிக்கு ஒரு நிமிடம் போட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்.)

#6 நுண்ணலை

அந்த ஃபீட்பேக் வேலையைக் கணினியில் ஒரு மிடி கன்ட்ரோலரை (மென்பொருளை இயக்கும் குமிழ்ப் பெட்டி) வைத்தும் செய்யலாம். சென்டை ரிட்டர்ன் டிராக்கிலேயே திறந்தால் போதும்.

#7 டப்_கிறுக்கன்

செய்யலாம். நானும் செய்திருக்கிறேன். எட்டாவது நிமிடம் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன் :)

#8 மழைச்சத்தம் (யாழ்ப்பாணம்)

வணக்கம். என்னிடம் டாஸ்காம் மாடல் 12 இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நல்லது முதலில். கணினி இல்லாமலே எஸ்டி கார்டில் 12 டிராக் பதிவு செய்கிறது: பத்துச் சேனலும் அதோடு மெயின் ஸ்டீரியோவும். யூஎஸ்பியில் 12 உள்ளே, 10 வெளியே. மிடி ஜாக் இருப்பதால் டெம்போவை இதிலிருந்தே டிரம் மெஷினுக்கு அனுப்பலாம். இரவில் மின்சாரம் போய் லேப்டாப்பில் சார்ஜ் இல்லாத நேரத்திலும் இன்வெர்ட்டரில் இதை ஓட்டிப் பதிவு செய்திருக்கிறேன். அலைவடிவம் கேட்கிற "நல்லாக அமைந்த நாளில் மட்டும் பதிவு" என்பதற்கு இதைவிட இலகுவான வழி இல்லை. ரெக்கார்ட் பொத்தான் முகத்துக்கு முன்னாலேயே இருக்கிறது.

ஆனால் அண்ணை, உங்கள் கணக்குக்கு இடம் காணாது. இதில் மோனோ ஆறு, ஸ்டீரியோ இரண்டு. உங்களுக்கு ஸ்டீரியோ நான்கு வேண்டும். ஸ்னேரைத் தனியாக எடுக்காமல் விட்டாலும் மிச்சம் வருவது ஒரு மோனோப் பட்டைதான். உள்ளே இருக்கும் எஃபெக்டைப் பயன்படுத்தி ரிவர்ப் பெடலை விட்டுவிடலாம் என்றால் நெருங்கி வரும். மாடல் 16க்குப் போனால் பட்ஜெட் எங்கேயோ போய்விடும்.

ஜூம் லைவ்டிராக் எல்-12 என்று ஒன்றும் இருக்கிறது. அது பாண்ட் (இசைக்குழு) ஆக்களுக்கு நல்லது, ஐந்து பேருக்குத் தனித்தனி ஹெட்போன் மிக்ஸ் கொடுக்கும். தனியாக ஒரு அறையில் இருந்து சின்த் வாசிக்கிறவருக்கு அந்த ஐந்தும் எதற்கு?

#9 அலைவடிவம்

மழைச்சத்தம், அருமை. ஒரு சந்தேகம்: பதிவாகும்போது நான் மிக்சரில் செய்யும் ஈக்யூ, ஃபேடர் அசைவு எல்லாம் தனி டிராக்குகளில் வருமா?

#10 கம்பிச்சுருள்

பொதுவாக வராது, இது கேட்க வேண்டிய கேள்விதான். மல்டிடிராக் மிக்சர்களில் பெரும்பாலும் கெயினுக்கு (உள்ளே வரும் ஒலியின் அளவைச் சரிசெய்யும் குமிழ்) பிறகு, ஈக்யூவுக்கும் ஃபேடருக்கும் முன்பே ஒலியைப் பிரித்து யூஎஸ்பிக்கு அனுப்புவார்கள். மேடை நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டு போய்ப் பிறகு புதிதாக மிக்ஸ் செய்பவர்களை நினைத்து அமைத்தது அது. உங்களைப் போல ஃபேடரையே வாசிப்பவர்களுக்கு அந்த வாசிப்பு ஸ்டீரியோ மிக்ஸில் மட்டும்தான் இருக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ஸ்டீரியோ மிக்ஸ்தான் உங்கள் இசை, தனி டிராக் எல்லாம் பழுதுபார்க்க.

எந்த மிக்சராக இருந்தாலும் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் பிளாக் டயகிராம் இருக்கும். கடைக்காரர் சொல்வதையும் வீடியோக்காரர் சொல்வதையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். ஒலி எங்கே நுழைகிறது, எந்த இடத்தில் கிளை பிரிகிறது, ஆக்ஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்று ஒரு விரலை வைத்துப் பின்தொடர்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

#11 ஈயப்புகை (சென்னை)

மிக்சரைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், கேபிளைப் பற்றி யாரும் பேசக் காணோம். இரைச்சல் முக்கால்வாசி அங்கேதான்.

(அ) வோல்கா. அதன் அவுட் 3.5 மிமீ ஸ்டீரியோ ஜாக், உள்ளே மோனோ ஒலி. கடையில் கிடைக்கும் "3.5 ஸ்டீரியோவிலிருந்து 6.35 ஸ்டீரியோ" கேபிளை வாங்கி மிக்சரின் மோனோ சேனலில் செருகினால் ஒலி மெலிந்துபோகும், அல்லது வரவே வராது. மிக்சரின் அந்த ஜாக் பேலன்ஸ்டு. டிப்பில் (பின்னின் நுனி) வருவதற்கும் ரிங்கில் (அடுத்துள்ள வளையம்) வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே ஒலி வந்தால் வித்தியாசம் பூஜ்யம். ஹெட்போன் அவுட்டிலிருந்து எடுக்கும் எல்லாக் கருவிக்கும் இதே கதைதான். தீர்வு: ஒரு பக்கம் 3.5 ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள். மோனோ கருவி என்றால் இரண்டில் ஒன்றை மட்டும் செருகுங்கள். ரிச்சி தெருவில் கேட்கும்போது 6.35 மோனோ பின்னை "பி-38" என்று சொல்லுங்கள், உடனே புரியும்.

(ஆ) ஹம். ஒரே சீராக "உம்ம்" என்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்: கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வது). கணினி, மிக்சர், சின்த் எல்லாம் வெவ்வேறு பிளக் பாயின்ட்டில் இருந்தால் வரும். எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து பிரித்தெடுங்கள், பாதி போய்விடும். "கிய்ங்" என்று கணினி மவுஸ் அசைவுக்கேற்ப வந்தால் அது யூஎஸ்பி கிரவுண்ட் வழியாக வருவது. அந்தக் கருவியின் ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். சத்தத்தோடு ஆளும் போகலாம். பழைய வீடு என்றால் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

(இ) சின்த் அவுட் பெரும்பாலும் பேலன்ஸ்டு இல்லை. இருந்தாலும் இரண்டு கம்பியும் ஷீல்டும் (சுற்றியுள்ள உலோக வலை) உள்ள கேபிளில் ஒரு வித்தை செய்யலாம். மிக்சர் பக்கம் ஸ்டீரியோ பின், டிப், ரிங், ஷீல்டு மூன்றும் வழக்கம்போல. சின்த் பக்கம் மோனோ பின்: டிப்புக்கு ஒரு கம்பி, ஸ்லீவுக்கு (பின்னின் உடல்) ஒரு கம்பி, ஷீல்டை எதிலும் சேர்க்காமல் வெட்டிவிட வேண்டும். கிரவுண்ட் லூப் இரைச்சல் நன்றாகக் குறையும். சால்டரிங் அயர்ன் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

(ஈ) கரன்ட் போனால் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டிப் பதிவு செய்யாதீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை.

#12 அலைவடிவம்

ஈயப்புகை அண்ணா, வோல்கா விஷயம் அப்படியே என் கதை! பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருந்தேன். ஒய் கேபிளில் ஒரு காலை மட்டும் செருகினேன், முழு ஒலியும் வருகிறது.

#13 படிகம்23

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். யூரோரேக் மாடுலரை (தனித்தனிப் பகுதிகளைக் கோத்து அமைக்கும் சின்த்) நேரடியாக இந்த மாதிரி மிக்சரில் கொடுக்கலாமா?

#14 கம்பிச்சுருள்

கொடுக்கலாம், ஆனால் கெயினை முழுக்க இறக்கிவிட்டு, லைன் ஜாக்கில் மட்டும். வீட்டுச் சாதன அளவு 0.316 வோல்ட், ஸ்டுடியோ அளவு +4 டிபியூ சுமார் 1.23 வோல்ட். மாடுலரில் உச்சிக்கு உச்சி 10 வோல்ட் வரும், சைன் அலையாக இருந்தால் அது சுமார் 3.5 வோல்ட். பெரும்பாலான லைன் இன்புட் தாங்கும், ஆனால் மீட்டரைப் பாருங்கள். மீதிக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, இது ஓடிவிடும்.

அலைவடிவம், உங்களுக்கு என் பரிந்துரை: பழைய மேக்கி 1402விஎல்இசட்4 தேடுங்கள். மோனோ ஆறு, ஸ்டீரியோ நான்கு, உங்கள் காகிதத்தில் இருப்பது அப்படியே. ஆக்ஸ் இரண்டு. யூஎஸ்பி கிடையாது, அதனால்தான் பழைய சந்தையில் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. மோனோ ஆறிலும் இன்சர்ட் ஜாக் (சேனலின் ஒலியை இடையில் வெளியே எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் ஓட்டை) உண்டு. அந்த ஆறையும் நேரடி அவுட்டாக எடுத்து, நுண்ணலை சொன்ன எட்டு இன்புட் இன்டர்ஃபேஸில் ஆறு இன்புட்டுக்குக் கொடுங்கள். இன்னும் இரண்டு இன்புட் மிச்சம். மேக்கியில் மியூட் பொத்தான் வெறும் மியூட் அல்ல, அழுத்தினால் அந்தச் சேனல் "ஆல்ட் 3-4" என்ற தனி ஸ்டீரியோ அவுட்டுக்குப் போகும். ஸ்டீரியோ சேனல்களை அங்கே திருப்பி, அந்த இரண்டில் கொடுங்கள். கண்ட்ரோல் ரூம் பகுதியில் அதை மெயினோடு சேர்க்கும் பொத்தானும் இருப்பதால் ஸ்பீக்கரில் எதுவும் காணாமல் போகாது.

இன்டர்ஃபேஸை அடுத்த வருடம் வாங்கினாலும் போதும். அதுவரை மெயின் அவுட்டை இப்போதுள்ள இரண்டு இன்புட்டில் கொடுத்து வாசியுங்கள்.

பழையதைப் பார்க்கப் போகும்போது ஹெட்போனும், ஒரு சின்த்தும், நேரமும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சேனலிலும் தொடர்ந்து ஒரு சுரத்தை ஓடவிட்டு எல்லாக் குமிழையும் திருகிக் கேளுங்கள். கரகரப்பு மட்டும் என்றால் பயமில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகும். ஒலி ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் ஜாக்கின் சால்டர் விட்டிருக்கிறது, விலையைக் குறைத்துப் பேசலாம். கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்த மிக்சர் என்றால் பின்பக்க ஜாக்குகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

#15 நுண்ணலை

கணினி வேண்டாம் என்பவருக்கு இது நல்ல ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு இன்சர்ட் வயரும் ஆல்ட் 3-4 வயர் இரண்டும் சேர்ந்து பின்பக்கம் இடியாப்பம் ஆகிவிடும். ஒவ்வொரு முனையிலும் லேபிள் ஒட்டிவிடுங்கள்.

#16 அலைவடிவம்

சென்னையில் ஒருவர் 1402விஎல்இசட்4 ஒன்றை விற்கிறார், என் பட்ஜெட்டுக்குள்தான். வரும் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். எம்டிகேயும் மாடல் 12ம் மனதை விட்டுப் போகவில்லை, ஆனால் நான்கு ஸ்டீரியோவும் இரண்டு ஆக்ஸும் கைக்கு வந்த பிறகு யூஎஸ்பிக்காக இன்னும் கடன் வாங்கத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. இன்சர்ட்டை நேரடி அவுட்டாக எடுக்கப் பின்னைப் பாதி மட்டும் செருக வேண்டும், முதல் "க்ளிக்" வரை, என்று மேனுவலில் பார்த்தேன். நிலையாக இருக்குமா?

#17 ஈயப்புகை

இருக்காது. யாராவது மேசையைத் தட்டினால் கழன்றுவிடும், அல்லது முழுக்க உள்ளே போய் அந்தச் சேனல் மிக்ஸிலிருந்து காணாமல் போகும். இன்சர்ட் ஜாக்கில் டிப் வழியாக ஒலி வெளியே போகும், ரிங் வழியாகத் திரும்பி வரும். ஆகவே ஸ்டீரியோ பின் ஒன்றை எடுத்து டிப்பையும் ரிங்கையும் உள்ளேயே சால்டர் வைத்து இணைத்துவிடுங்கள். முழுக்கச் செருகலாம்: வெளியே போன ஒலி அங்கேயே திரும்பி மிக்சருக்கும் போகும், இன்டர்ஃபேஸுக்கும் போகும். மறுமுனையில் சாதாரண பி-38. ஆறு கேபிள் செய்ய வேண்டும். சனிக்கிழமை சென்னை வருகிறீர்களே, பின்களை ரிச்சி தெருவிலேயே வாங்கிவிடுங்கள், வெள்ளி முலாம் பூசியதைத் தவிர்த்து நிக்கல் எடுங்கள். வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும்.

#18 அலைவடிவம்

ஆறோடு கூட இரண்டு சேர்த்தே வாங்குகிறேன்.